ஜெபமும் வேண்டும், பயாப்ஸியும் வேண்டும்! மார்பகப் புற்றுநோய்... ஆரம்பத்திலேயே கவனிப்போம்

குளிக்கும்போது மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்படுகிறது. வலி இல்லை. கணவரிடம் சொல்லத் தயக்கம், ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சம். ஞாயிறு ஆராதனையில் 'ஒரு சகோதரியின் சுகத்துக்காக' என்று பெயர் போடாமல் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். ஜெபித்ததில் தவறே இல்லை. அதன் பிறகு சும்மா கடந்துபோகும் மாதங்கள்தான் ஆபத்து.

'வலிக்கலையே, ஒண்ணும் இருக்காது' என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்பநிலைப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அதேசமயம், மார்பில் தென்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயும் அல்ல. டாக்டரின் பரிசோதனை, மேமோகிராம் அல்லது அல்ட்ராசவுண்ட், ஊசி மூலம் சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி ஆகியவை சேர்ந்தால்தான் எது என்று தெரியும். 'ஊசி குத்தினா பரவிடும்' என்ற பயத்தில் பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஆரம்பநிலை என்றால்?

கட்டி 2 செ.மீ-க்குள் இருந்து, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவாமல் இருந்தால் பொதுவாக முதல் நிலை. கட்டி அதைவிடப் பெரிதாக இருந்தாலோ, சில முடிச்சுகளுக்குப் பரவியிருந்தாலோ இரண்டாம் நிலை. இந்தக் கட்டத்தில் சிகிச்சையின் நோக்கமே முழுமையாகக் குணப்படுத்துவதுதான்.

'மார்பையே எடுத்துடுவாங்க' என்ற பயம் பலரை மருத்துவமனை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பகத்தை முழுதாக அகற்றினாலும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு ஒன்றுதான் என்பதை, 20 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்த அமெரிக்க, இத்தாலிய ஆய்வுகள் 2002-ல் உறுதிசெய்தன. எல்லோருக்கும் இது பொருந்தாது. ஆனால், சீக்கிரம் போகிறவர்களுக்கே இந்த வாய்ப்பு அதிகம்.

ஐடாவின் அந்த இரவு

கூச்சம் எப்படி உயிரை எடுக்கும் என்பதற்குத் திண்டிவனத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1890-களில் ஓர் இரவு, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவிகளைக் காப்பாற்றக் கேட்டு மூன்று ஆண்கள் அடுத்தடுத்து ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் வந்தார்கள். அவர் அப்போது மருத்துவம் படிக்கவில்லை. அவருடைய அப்பா டாக்டர். ஆனால், ஆண் வைத்தியர் பார்க்க அந்தக் குடும்பங்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா ஜெபித்தார், பிறகு, மருத்துவம் படிக்கப் போனார். 1900-ல் வேலூரில் அவர் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி.

'விசுவாசம் இருந்தா டாக்டர் எதுக்கு?' என்பவர்களுக்கு வேதத்திலேயே பதில் இருக்கிறது. கொலோசெயர் நிருபம் லூக்காவை வைத்தியர் என்றே சொல்கிறது. கத்தோலிக்க விவிலியத்தின் சீராக் நூல், 38-ம் அதிகாரத்தில் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. 'என்ன பாவம் செஞ்சாளோ' என்று முணுமுணுப்பவர்கள் யோவான் 9-ம் அதிகாரத்தைப் படிக்கலாம். பார்வையின்றிப் பிறந்தவரைப் பார்த்துச் சீடர்கள் இதையே கேட்டார்கள்; யாருடைய பாவமும் காரணமில்லை என்றார் இயேசு.

சபையார் கவனத்துக்கு

கதிர்வீச்சுக்கு வாரத்தில் ஐந்து நாள் என்று சில வாரங்கள் போக வேண்டும். துணைக்குப் போக முறைபோட்டுக் கொள்ளுங்கள். கீமோ நாள்களில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புங்கள். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறையும் என்பதால், சளி, இருமல் இருப்பவர்கள் தங்கள் வீட்டிலிருந்தே ஜெபிக்கலாம்.

ஜெபித்த எண்ணெயை நெற்றியில் பூசிக் கொள்ளட்டும். கதிர்வீச்சு படும் தோலில் மட்டும் டாக்டர் சொல்லாத எதையும் தடவக் கூடாது. உபவாசத்துக்கும் டாக்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும்.

'சுகமாயிட்டேன்' என்று சாட்சி சொன்ன கையோடு மாத்திரையை நிறுத்துவது இன்னொரு ஆபத்து. ஹார்மோன் சார்ந்த வகைக்கு, சிகிச்சை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் மாத்திரை உண்டு. சாட்சி சொல்லுங்கள், மாத்திரையையும் விழுங்குங்கள்.

பணம்தான் தடை என்றால், தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

கட்டி, தோலில் குழிவு, காம்பு திடீரென உள்ளிழுத்தல், காம்பில் ரத்தக்கசிவு, அக்குளில் வீக்கம்... இவற்றில் எது தெரிந்தாலும் ஜெபக் குறிப்பு எழுதிய அதே வாரத்தில் டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.