பரணில் கிடக்கும் ரிமோட் கார்: விலை எப்படி வைப்பது, எல்லை தாண்டி விற்றால் வரி உண்டா?

பாறசாலையில் இருந்து களியக்காவிளைக்குச் சில கிலோமீட்டர்தான். 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று முதல் அந்த இடைவெளியில் ஒரு மாநில எல்லை இருக்கிறது. சொந்தபந்தம், சந்தை, பேச்சு எல்லாம் இரண்டு பக்கமும் கலந்துதான் கிடக்கின்றன. ஆனால் ஒரு பொருளை விற்கப் போனால், "அந்தப் பக்கம் கொடுத்தா டாக்ஸ் வருமா?" என்ற கேள்வி வந்துவிடும்.

அந்தப் பொருள் ஒரு பழைய ரிமோட் கார் என்று வைத்துக்கொள்வோம். வளைகுடாவில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ கொண்டு வந்தது, இப்போது பெட்டியோடு பரணில் கிடக்கிறது. நீங்கள் டெக்னோபார்க்கிலோ பெங்களூருவிலோ வேலையில் இருக்கிறீர்கள், லீவுக்கு வந்தபோது கண்ணில் பட்டது. இதற்கு விலை உண்டா? எப்படி விற்பது? பார்ப்போம். வரியைப் பொறுத்தவரை, நீங்கள் கவனிக்க வேண்டிய கோடு களியக்காவிளையில் இல்லை.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

ரிமோட் கார்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கடையில் வாங்கி பேட்டரி போட்டவுடன் ஓடும் விளையாட்டுப் பொம்மை. ஜப்பானின் நிக்கோ, தையோ போன்ற நிறுவனங்களின் கார்கள் இந்த ரகம். இன்னொன்று, பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டும் 'ஹாபி' ரகம். உதிரிபாகம் தனியாகக் கிடைக்கும், கழற்றிச் சரிசெய்யலாம். இதில் பெரிய பெயர் ஜப்பானின் தமியா. 1976-ல் போர்ஷே 934 மாடலில் தன் முதல் ரிமோட் காரைக் கொண்டு வந்த நிறுவனம் அது.

சேகரிப்பாளர்கள் அதிகம் தேடுவது இரண்டாவது ரகத்தைத்தான். ஆனால் முதல் ரகத்தைக் குப்பை என்று ஒதுக்க வேண்டாம். பெட்டி, ரிமோட், கையேடு மூன்றும் இருந்தால் அதற்கும் ஆள் உண்டு.

பெட்டியில் உள்ள எண்ணை முதலில் பாருங்கள். தமியாவின் 'சாண்ட் ஸ்கார்ச்சர்' 1979-ல் வந்தது, எண் 58016. அதே காரை 2010-ல் மறுபடி வெளியிட்டார்கள், எண் 58452. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், விலை ஒன்றாக இருக்காது. எண்ணைப் படம் எடுக்காமல் "பழைய தமியா" என்று மட்டும் விளம்பரம் போட்டால், விவரம் தெரிந்தவர் அடிமாட்டு விலைக்குக் கேட்பார், தெரியாதவர் வாங்கவே மாட்டார்.

விலை எப்படி வைப்பது?

ஓஎல்எக்ஸில் நீங்கள் பார்ப்பது விற்பவர் கேட்கும் விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பது அதில் தெரியாது. இணையத்தில் இருக்கும் பெரிய தொகைகளைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ஈபே தளத்தில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதே மாடல், அதே எண், ஏறக்குறைய அதே நிலையில் விற்ற ஐந்தாறு விலைகளை எடுங்கள்.

பிறகு சராசரி போடாதீர்கள். நடுவில் நிற்கும் விலையைப் பாருங்கள். கணக்குக்காக மட்டும் ஓர் உதாரணம்: ஐந்து விற்பனைகள் 4,000, 5,000, 5,500, 6,000, 30,000 ரூபாய். சராசரி 10,100. நடு விலை 5,500. அந்த 30,000 பிரிக்காத பெட்டியாக இருக்கலாம், இல்லை ஏலத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டதாக இருக்கலாம். உங்கள் காருக்கு நெருக்கமானது 5,500-தான்.

வெளிநாட்டு விலையை அப்படியே ரூபாய்க்கு மாற்றினாலும் சரியாக வராது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை மத்திய அரசு 2020-ல் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆக்கியது, 2023-ல் 70 ஆக்கியது. வெளியில் இருந்து வரவழைத்தால் என்ன செலவாகும் என்று இங்குள்ள சேகரிப்பாளருக்குத் தெரியும். ஏற்கெனவே உள்நாட்டில் இருக்கும் உங்கள் கார் அந்த அலைச்சலை மிச்சப்படுத்துகிறது. பேரத்தில் இதைச் சொல்லலாம்.

விற்பதற்கு முன் என்ன செய்யலாம்?

வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கும் ஊர் இது. பரணில் கிடந்த காரில் முதலில் கெடுவது பேட்டரி அறை. உள்ளே செல் கசிந்து வெள்ளைப் பொடி படிந்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு புது செல் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

பெயின்ட் அடிக்காதீர்கள். ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். வயசான அடையாளத்தைச் சேகரிப்பாளர் பொறுத்துக்கொள்வார், பூசி மறைத்ததை மாட்டார். ஓடும்போது ஒரு வீடியோ, அடிப்பாகம், பெட்டி எண், ரிமோட் ஆகியவற்றின் படங்கள், உடைந்த இடம் இருந்தால் அதன் படமும். இவ்வளவு போதும். ரிமோட்டைத் தேடிக் கண்டுபிடியுங்கள். இழுத்து நீட்டும் ஆன்டெனா உள்ள பழைய கார்களில் பல 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் அதற்குப் பொருந்தாது.

கூரியரில் அனுப்புவதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தனி லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் சர்வதேசத் தடை இருக்கிறது.

எல்லை தாண்டினால் வரியா?

உங்கள் வீட்டில் நீங்கள் வைத்திருந்து பயன்படுத்திய பொருள் என்றால், இல்லை.

ஜிஎஸ்டி என்பது வியாபாரத்தின் பகுதியாக நடக்கும் விற்பனைக்கான வரி. தனிநபர் தன் பழைய நகையையோ காரையோ பைக்கையோ விற்பது வியாபாரம் ஆகாது என்று மத்திய நிதி அமைச்சகம் 2017 ஜூலையிலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. நிஜ காருக்குப் பொருந்துவது பொம்மை காருக்கும் பொருந்தும்.

வழியில் நிறுத்திக் கேட்பார்களா? அமரவிளையில் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடியின் வேலை 2017-ல் ஜிஎஸ்டி வந்ததோடு முடிந்துவிட்டது. இப்போது 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் வேண்டும். ஆனால் பயன்படுத்திய சொந்த உபயோகப் பொருட்களுக்கு அதிலும் விலக்கு இருக்கிறது.

வருமான வரி? வருமான வரிச் சட்டம், சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருட்களை மூலதனச் சொத்துக் கணக்கில் இருந்து விலக்குகிறது. எனவே லாபம் வந்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள் போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. கவனிக்க: "பின்னாடி விலை ஏறும்" என்று வாங்கிப் பிரிக்காமலே வைத்திருந்த பெட்டியைச் சொந்த உபயோகம் என்று வாதிடுவது கஷ்டம். தொகை பெரிதென்றால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்போ கோடு எங்கே?

முதல் கார் நல்ல விலைக்குப் போனதும், "மார்த்தாண்டத்துல பழசு வாங்கி திருவனந்தபுரத்துல வித்தா என்ன?" என்று தோன்றும். கோடு அங்கேதான் இருக்கிறது. விற்பதற்கென்றே வாங்கினால் அது வியாபாரம். எத்தனை தடவை செய்தீர்கள், எவ்வளவுக்குச் செய்தீர்கள் என்பதை வைத்து வியாபாரத்தை ஜிஎஸ்டி சட்டம் வரையறுப்பதில்லை.

அங்கே மாநில எல்லைக்கும் உயிர் வந்துவிடும். மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்கும் சிறு வியாபாரிக்கு விற்றுமுதல் வரம்பு வரை பதிவு வேண்டாம். பாறசாலையில் இருந்து களியக்காவிளைக்கு அனுப்பி விற்றால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை, முதல் ரூபாயில் இருந்தே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நிவாரணமும் உண்டு. பழைய பொருள் வியாபாரிகள், விதி 32(5)-ன் கீழ், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம்.

இன்னொன்று. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உங்கள் பழைய காரில் அது இருக்காது. ஆகவே "குழந்தைகளுக்கு ஏற்றது" என்று விளம்பரத்தில் எழுதாதீர்கள். பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

பணம் வாங்கும்போது

இந்த விற்பனையில் நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது வரியைப் பற்றி அல்ல. "நான் ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்." பேரம் பேசாமல், காரைப் பார்க்காமல், கேட்ட விலைக்கு உடனே சரி என்பவரிடம் இருந்து இப்படி ஒரு மெசேஜ் வரலாம். யுபிஐ-யில் பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் நம்பர் கேட்டாலே பணம் உங்கள் கணக்கில் இருந்து வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

முடிந்தவரை நேரில் கொடுங்கள். ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஆள் நடமாட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். வாங்குபவர் கண் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள். பணம் வந்ததாக அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகு ரிமோட்டைக் கையில் கொடுங்கள்.