கடலடியில் விளைந்த கல்

மால்ட்டா தீவின் தென்கரையில், கடலை நோக்கிச் சரியும் பாறைமேட்டில் நிற்கிறது ஹஜார் ஈம் கோயில். எகிப்தின் பெரிய பிரமிடு எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்தது. உலோகமே அறியாத மக்கள், ஏறத்தாழ 20 டன் எடையுள்ள கல்லைக்கூட நகர்த்தி வந்து நிறுத்தியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கல்லை அண்ணாந்து பார்த்து மலைக்கிறார்கள். கிட்டே போய், கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கச் சொல்வேன் நான்.

தேன் நிறத்தில், தொட்டால் மாவாக உதிருமோ என்று தோன்றும் மென்மையான சுண்ணாம்புக்கல். குளோபிஜெரினா என்ற கடல் நுண்ணுயிரின் பெயரில்தான் அதை அழைக்கிறார்கள். ஒரே செல், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உடம்பு, அதைச் சுற்றி ஒரு சுண்ணாம்புக் கூடு. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. மடிந்த உயிர்களின் கூடுகள் கோடானுகோடியாக அடியில் படிந்து, இறுகி, நிலமாக மேலெழுந்தன. அந்தக் கூடுகளைத்தான் மனிதன் வெட்டி இறைவனுக்கு வீடு கட்டினான். படைத்தவன் எத்தனை பொறுமையாகக் கல் சேர்த்திருக்கிறான்!

அரை கிலோமீட்டர் இறங்கினால் இம்னைத்ரா கோயில் தொகுதி. அங்கே வெளிச்சுவருக்குக் கடினமான வேறு கல். அதுவும் கடல் தந்ததே. சுண்ணாம்பு படிந்த பாசிகளால் ஆனது. வெயிலும் உப்புக்காற்றும் தாக்கும் இடத்துக்கு அது, செதுக்கி அழகு பார்க்கும் உட்புறத்துக்கு மென்கல். ஒரே பலகைக்கல்லைக் குடைந்து செய்த வாசல் ஒன்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகளைக் குழித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கல்லால் கல்லைக் கொத்திய தடம். பார்க்கப் பார்க்க எனக்குக் கண் நிறைந்துபோயிற்று.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில், உதயசூரியன் இம்னைத்ராவின் தெற்குக் கோயிலின் வாசலுக்கு நேரே எழுந்து உள்மாடம் வரை ஒளி பாய்ச்சுகிறது. பகல் மிக நீளும் ஜூன் நாளிலும் மிகக் குறுகும் டிசம்பர் நாளிலும் அதே ஒளி வாசலின் இருபுறக் கற்களில் ஒவ்வொரு பக்கமாக விழுகிறது. எழுத்தில்லாத மக்கள், தலைமுறை தலைமுறையாக விடியலைக் கவனித்து அறிந்தது இது.

மழைநீர் இந்தக் கல்லைக் கரைக்கிறது. அதனால் 2009-இல் இரண்டு கோயில்களுக்கும் மேலே கூடாரம் அமைத்தார்கள். வானம் மறைந்துவிட்டதே என்று குறைப்படுவோர் உண்டு. எனக்குக் குறையில்லை. பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. மார்ச் மாதக் கதிர் இன்றும் தடையின்றி உள்மாடம் வரை வருகிறது.