கண்ணுக்குத் தெரியாத தூசியும் எமது வேலைத்தளங்களும்

தூசி என்றதும் மேசையில் படிவதையும் ஒளிக்கற்றையில் மிதப்பதையுமே நாம் நினைத்துக்கொள்கிறோம். நெஞ்சின் ஆழம்வரை சென்று தங்கும் துணிக்கைகளோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இவற்றுள் 100 நனோமீற்றருக்கும் குறைந்தவையே நனோ துணிக்கைகள். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர்.

இவை விஞ்ஞானிகளின் ஆய்வுகூடங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. வெல்டிங் புகையிலும் டீசல் புகையிலும் இவை உண்டு. எம்மவர் பலர் இரவு பகலாக நிற்கும் உணவகச் சமையலறைகளில், பொரிக்கும் எண்ணெயிலிருந்து எழும் ஆவியிலும் உண்டு. லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் டீசல் புகையை 2012இலும், வெல்டிங் புகையை 2017இலும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என வகைப்படுத்தியது.

வெண்ணிறப் பூச்சுகளில் கலக்கப்படும் ரைற்றேனியம் டையொக்சைட்டை எடுத்துக்கொள்வோம். இதன் சாதாரணத் தூளுக்கு ஒரு கனமீற்றர் காற்றில் 2.4 மில்லிகிராம் எனவும், அதிநுண் தூளுக்கு 0.3 மில்லிகிராம் எனவும் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகம் 2011இல் எல்லை விதந்துரைத்தது. பொருள் ஒன்றே, துணிக்கை சிறுத்ததும் எல்லை எட்டில் ஒன்றாயிற்று.

இத்துணை சிறியவற்றை எந்த முகக்கவசமும் தடுக்காது என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. மிகச் சிறிய துணிக்கைகள் காற்று மூலக்கூறுகளால் மோதுண்டு அங்குமிங்கும் அலைவதால் வடிகட்டியின் இழைகளில் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. எவ்.எவ்.பி.3 தரச் சான்று பெற்ற கவசம் அவற்றைப் பெரிதும் பிடித்துவிடும். காற்று களவாக நுழைவது கன்னத்தோரத்தாலும் மூக்கோரத்தாலுமே. தாடி இருந்தால் கவசம் முகத்தில் ஒட்டாது. வைத்தியசாலைகளில் அணியும் மெல்லிய முகத்துணியோ இதற்கு ஆகவே ஆகாது.

எனினும் கவசம் கடைசிக் காவலே. தூளை மூடிய கலத்தினுள் கையாளுவதும், புகையை அது பிறக்கும் இடத்திலேயே குழாய்கொண்டு உறிஞ்சுவதுமே முதற் காவல். கட்டடத்தினுள் வெல்டிங் செய்வோருக்குச் சாளரத்தைத் திறந்துவிடுவது போன்ற பொதுவான காற்றோட்டம் போதாது எனப் பிரித்தானிய சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் 2019இல் அறிவித்தது.

அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருப்பவர் முதலாளியிடம் கேள்வி கேட்க அஞ்சுவதை நாம் அறிவோம். அவர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவைத் தொழிலாளர்மீது சுமத்தலாகாது என்பது 1989ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரை. கவசத்திற்கெனச் சம்பளத்தில் பணம் கழிக்க இடமில்லை. ஒவ்வோர் ஆபத்தான இரசாயனப் பொருளுக்கும் உரிய பாதுகாப்புத் தகவல் ஏட்டைப் பார்க்கக் கேட்கவும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தொழிலாளருக்கு உரிமையுண்டு. மொழி விளங்காவிடின் பாடசாலை செல்லும் பிள்ளையை வாசித்துச் சொல்லச் செய்யலாம். வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் அவர்கள்தாமே வாசிக்கிறார்கள்!

வேலை முடிந்ததும் தும்புத்தடியால் உலரக் கூட்டுவதும், அழுத்தக் காற்றால் உடையை ஊதுவதும் படிந்த தூளை மீண்டும் காற்றில் எழுப்பும். ஈரத் துணியால் துடைத்தல் வேண்டும். வேலை உடையை வேலைத்தளத்திலேயே களைந்து வைக்கவேண்டும். குழந்தைகளின் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கொண்டுவரலாகாது.