தைராய்டு அறுவையில் குரல் நரம்புக்கு ஒரு காவல்

தைராய்டை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் பலரும் கேட்பது தழும்பு தெரியுமா என்றுதான். குரலுக்கு என்ன ஆகும் என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

சுற்றி வரும் நரம்பு

குரல் நாண்களை அசைக்கும் நரம்பு குரல்வளைக்கு நேராகப் போவதில்லை. மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்போடு கீழே இறங்கி, அதிலிருந்து பிரிகிறது. இடப்பக்கம் மகாதமனியின் வளைவையும், வலப்பக்கம் கைக்குச் செல்லும் பெரிய தமனியையும் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் தைராய்டின் பின்புறத்தை ஒட்டியே போவதுதான் சிக்கல். அதன் தடிமன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். 2-ஆம் நூற்றாண்டிலேயே கேலன் என்ற மருத்துவர், வீறிடும் பன்றிக்கு இந்த நரம்பைத் துண்டித்ததும் சத்தம் நின்றுபோவதை ரோமில் பலர் முன்னிலையில் காட்டினார்.

ஒரு பக்க நரம்பு செயலிழந்தால் குரல் கம்மும், தண்ணீர் குடிக்கும்போது புரையேறும். இரண்டு பக்கமும் செயலிழந்தால் நாண்கள் விலகாமல் மூச்சு அடைபடும். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்ய நேரலாம்.

சென்சார் எங்கே இருக்கிறது?

நரம்பு வேலை செய்கிறதா என்று அறுவையின்போதே சென்சார் மூலம் கண்காணிக்கும் கருவி உண்டு. மயக்கத்தின்போது மூச்சுக்காகத் தொண்டை வழியாகச் செலுத்தும் குழாயிலேயே மின்முனைகள் இருக்கும். அவை குரல் நாண்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். சர்ஜன் ஒரு மெல்லிய கருவியால் நரம்பைத் தொட்டு, 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்சாரம் செலுத்துவார். நரம்பு வேலை செய்தால் நாண் தசை துடிக்கும். திரையில் அலை எழும், ஒலியும் கேட்கும். தசையைத் தளர்த்தும் மருந்தின் வேகம் அப்போது தணிந்திருக்க வேண்டும் என்பதால், மயக்க மருந்து டாக்டரின் ஒத்துழைப்பு இல்லாமல் இது நடக்காது.

கண்ணுக்குத் தெரியாத காயம்

நரம்பு அறுபட்டால்தானே ஆபத்து என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான பாதிப்பு இழுபடுவதாலும் வெப்பத்தாலும் வருகிறது. அப்போது நரம்பு முழுதாகத்தான் தெரியும், வேலை மட்டும் செய்யாது. இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, சென்சாரால் முடியும். வேகஸ் நரம்பில் மின்முனை பொருத்தித் தொடர்ந்து கண்காணிக்கும் முறையில், அலை சிறுத்துக்கொண்டே வந்தால் சர்ஜன் இழுப்பதை உடனே தளர்த்திவிடலாம்.

அலையின் அளவு 100 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே போனால் சிக்னல் போய்விட்டதாகக் கொள்வார்கள். குழாய் நகர்ந்துவிட்டதா என்று முதலில் பார்ப்பார்கள். உண்மையிலேயே நரம்புதான் அடங்கிவிட்டது என்றால், மறுபக்கத்தை அன்றைக்குத் தொடாமல், நரம்பு தேறிய பிறகு இன்னொரு நாள் செய்யலாம். இரு பக்கமும் ஒரே நாளில் செயலிழக்கும் விபரீதம் இப்படித் தவிர்க்கப்படுகிறது. இந்தக் கருவியின் மிகப் பெரிய நன்மை இதுதான் என்பது என் கருத்து. நிரந்தரப் பாதிப்பு எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. நரம்பைக் கண்ணால் கண்டு காப்பாற்றும் பழகிய கைக்கு இது துணை மட்டுமே.

அறுவைக்கு முன்னும் பின்னும்

கண்காணிப்பு வசதி உண்டா, சிக்னல் போனால் என்ன செய்வீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். ஆசிரியர், பாடகர், சந்தையில் கூவி விற்பவர் என்றால் தொழிலையும் சொல்லுங்கள். கழுத்தில் முன்பே அறுவை நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அறுவைக்கு முன்பும் பின்பும் குரல் நாண்களைக் கேமராவில் பார்ப்பது நல்லது.

முதல் சில நாள் கரகரப்பு, மூச்சுக்காகக் குழாய் வைத்ததால்கூட இருக்கலாம். வாரக்கணக்கில் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தற்காலிகப் பாதிப்பு பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும், குரல் பயிற்சியும் கைகொடுக்கும். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ கழுத்து வீங்கினாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.