தைராய்டு கட்டிகள்: மரபுவழி வாய்ப்பும் காரணங்களும்

தைராய்டு கட்டி என்பது கழுத்தின் முன்பகுதியில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்துள்ள தைராய்டு சுரப்பியில் தோன்றும் முடிச்சு ஆகும். இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சிறு பகுதியே புற்றுநோயாகும். ஆண்களைவிடப் பெண்களிடம் இவை அதிகம் காணப்படுகின்றன.

பொதுவான காரணங்கள்

உணவில் அயோடின் குறைந்தால் தைராய்டு போதிய ஹார்மோனைச் சுரக்க இயலாது. அப்போது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதைத் தொடர்ந்து தூண்டுகிறது. இதனால் சுரப்பி பருத்து, முன்கழுத்துக் கழலையும் முடிச்சுகளும் உண்டாகின்றன. உப்பில் அயோடின் சேர்க்கப்படுவது இத்தகைய குறைபாட்டைத் தடுக்கவே.

குழந்தைப் பருவத்தில் படும் கதிர்வீச்சு மற்றொரு காரணம். 1986ஆம் ஆண்டு செர்னோபில் அணுவுலை விபத்தில் கதிரியக்க அயோடின்-131 வெளியேறிப் புல்வெளிகளில் படிந்தது. அங்கு மேய்ந்த பசுக்களின் பாலைக் குடித்த குழந்தைகள் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் ஏற்பட்டது. சாதாரண அயோடினையும் கதிரியக்க அயோடினையும் தைராய்டு வேறுபடுத்தி அறிவதில்லை, இரண்டையும் ஈர்த்துக்கொள்கிறது.

மரபுவழிக் காரணம்

தைராய்டு புற்றுநோய்களுள் மரபுத் தொடர்பு மிகத் தெளிவாகத் தெரிவது மெடுல்லரி வகையாகும். இது கால்சிட்டோனின் என்னும் ஹார்மோனைச் சுரக்கும் சி உயிரணுக்களில் தோன்றுகிறது. இந்நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது மரபுவழியாக வருகிறது. 10ஆம் நிறப்புரியிலுள்ள ஆர்.இ.டி. மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம் என்பது 1993இல் கண்டறியப்பட்டது. இது ஓங்கு மரபுப் பண்பு. ஆகவே பெற்றோரில் ஒருவரிடம் இம்மாற்றம் இருந்தால், ஆணாயினும் பெண்ணாயினும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு.

பரிசோதனையும் தடுப்பும்

குடும்பத்தில் ஒருவருக்கு இம்மாற்றம் உறுதியானால், மற்றவர்களுக்கு இரத்தப் பரிசோதனை மூலம் அதைக் கண்டறியலாம். மாற்றம் இல்லாத பிள்ளை இந்த அச்சத்திலிருந்து விடுபடுகிறது. மாற்றம் உள்ள பிள்ளைக்குப் புற்றுநோய் தோன்றும் முன்பே தைராய்டை அகற்றிவிட முடியும். எந்த வயதில் அகற்றுவது என்பது மரபணு மாற்றத்தின் வகையைப் பொறுத்தது. சிலவற்றுக்கு ஐந்து வயதை ஒட்டியும், மிகக் கடுமையான வகைக்கு முதல் ஆண்டிலேயும் பரிந்துரைக்கப்படுகிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை உட்கொள்ள வேண்டும்.

இம்மாற்றம் உள்ள சிலருக்கு அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரலாம். அதை அறியாமல் அறுவை செய்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். எனவே அறுவைக்கு முன் அதையும் சோதிப்பது அவசியம்.

கழுத்தில் வீக்கம், நீடித்த குரல் கரகரப்பு, விழுங்குவதில் சிரமம் ஆகியவை இருந்தால் மருத்துவரை அணுக வேண்டும். உறவினர் எவருக்கேனும் தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால், அதன் வகையையும் அவரிடம் தெரிவிப்பது நல்லது.