கால்வாய்க் கரைக்கு வந்த விருந்தினர்

ஹரித்துவாரத்தில் கங்கையினின்று பிரியும் கால்வாய் ரூர்க்கி நகரினூடே செல்கிறது. 1854-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அக்கால்வாய், சோலானி ஆற்றின் மேலேயே பாலம்போல் ஓடும் காட்சியைக் கண்டவர் மறவார். அதன் பணிக்கு ஆள் பயிற்ற எழுந்த பொறியியற் கல்லூரி 1949-இல் பல்கலைக்கழகமாயிற்று. 2001 முதல் ஐ.ஐ.டி. என வழங்குகிறது.

அங்கே 1955-இல் நீர்வள வளர்ச்சிப் பயிற்சி நிலையம் நிறுவப்பெற்றது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பாசனத் துறைகளில் பணியாற்றும் பொறியாளர் வந்து கற்பதற்கென்றே அமைந்தது அது. 1964-இல் நம் அரசு தொடங்கிய ‘ஐடெக்’ என்னும் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின் வாயிலாகவும் இத்தகையோர் நாட்டின் பல நிலையங்களுக்கு வருகின்றனர். வானூர்திக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், தங்குமிடம், கைச்செலவுப் படி யாவும் அரசின் பொறுப்பு.

இவர்கள் இளமாணாக்கர் அல்லர். ஊரில் பலருக்கு மேலதிகாரியாய் இருந்துவிட்டு, மனைவி மக்களைப் பிரிந்து, மீண்டும் வகுப்பில் அமர்பவர்கள். ஐயம் எழுப்பக் கூசுவர். தம் நாட்டு ஆற்றைப் பற்றி யாரேனும் கேட்டாலோ முகம் மலர்ந்து நெடுநேரம் பேசுவர். வெள்ளம் பெருகிய இரவில் மதகருகே நின்ற அனுபவம் புத்தகத்தில் கிடைப்பதா? அவர்களைப் பேசவிடும் ஆசிரியரே கெட்டிக்காரர் என்போம்.

இவர்களுடைய ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு மட்டும் எந்தத் திட்டத்திலும் ஏற்பாடு இல்லை. அங்கேதான் நம்போன்ற குடும்பங்களுக்கு வேலை. ஊர் விட்டு வந்த முதல் ஆண்டில் தம்மை உணவுக்கு அழைத்த வீட்டை நம்மில் எவர் மறந்தார்?

ஆயினும் நாமே பிழை செய்தோம். முன்பு வேறொரு வடநாட்டு நகரில் நாம் பணியாற்றிய கல்லூரிக்குக் கிழக்கு ஆப்பிரிக்கப் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். ‘ஒருநாள் அவசியம் வீட்டிற்கு வாருங்கள்’ என்று வாயார அழைத்தோம். நம்மவருக்கு அது போதும். மனமிருந்தால் வந்து கதவைத் தட்டுவார்கள். அவரோ நாள் குறித்துச் சொல்வோமென்று காத்திருந்தார். பத்து மாதங்கள் சென்றன. பிரிவுபசாரத் தேநீர் விருந்தில், ‘அந்த ஒருநாள் எந்நாள் என்று கடைசிவரை தெரியவில்லையே’ எனச் சிரித்தபடி கேட்டார். நம் இல்லத்தரசி தலைகவிழ்ந்து நின்றார். மறுநாள் காலையில் அவருக்கு இரயில்.

அதன்பின் கிழமையும் மணியும் சொல்லியே அழைக்கிறோம். விடுதி வாயிலுக்குப் பையனை அனுப்புகிறோம். நம் வீட்டில் புலால் இல்லை என்பதை முன்னரே தெரிவித்து, அவர் உண்ணாதது எது என்றும் கேட்டுக்கொள்கிறோம். காரம் குறைத்த சாம்பாரைவிடத் தயிர்ச்சோற்றையும் அப்பளத்தையுமே பலர் விரும்பக் கண்டோம். ரசத்திற்குச் சர்க்கரை கேட்டவரும் உண்டு!

இலை எடுத்தபின் பிள்ளைகள் உலகப்படத்தை விரித்து விருந்தினருடைய ஆற்றைத் தேடுவார்கள். நைல் நதியின் மேற்பகுதியில், அதில் காணாத சிற்றாறு ஒன்றைப் பென்சிலால் வரைந்து, தாம் மதகு கட்டிய இடத்திற்குப் புள்ளி வைத்துச் சென்றிருக்கிறார் ஒருவர். அக்கோட்டை அழிக்கப் பிள்ளைகள் விடுவதில்லை.