அளக்கும் கருவிக்கு வந்த நோய்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் புகழாதவர் இல்லை. 1942 ஏப்ரில் 9-ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டு பொழிந்ததும், 1957-இல் பிரித்தானியர் தம் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்துச் சென்றதும் நம்மூர்ப் பிள்ளைகள் அறிந்த சரித்திரம். ஆயினும், இத்துறையின் ஜீவனம் வலையையும் வள்ளத்தையும் நம்பியிருப்பது போலவே வானொலி அலைகளையும் நம்பியிருக்கிறது என்பதைக் கரையில் வாழும் நாம் அநேகமாக நினைப்பதில்லை. ஜெர்மானிய ஒலிபரப்பு ஸ்தாபனமாகிய டொய்ச்ச வெல்ல 1980களில் இம்மாவட்டத்திலே நிறுவி, பிற்காலத்தில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்த அஞ்சல் நிலையம் முதலாக, ஆழ்கடலுக்குப் போகும் படகின் மூலையில் தொங்குகின்ற சிறு கருவி ஈறாக, எல்லாம் தமக்கென விதிக்கப்பட்ட மீடிறனில் நின்று பேச வேண்டியவை. அவ்வாறு நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்வது மீடிறன்மானி என்னும் அளவைக் கருவி.

என் நண்பர் ஒருவர் உட்துறைமுக வீதிக்கு அண்மையில் வானொலி திருத்தும் கடை வைத்திருக்கிறார். சென்ற கச்சான் காலத்தில் ஒருநாள் நான் அங்கே அமர்ந்திருந்தபோது, இளைஞரான படகுக்காரர் ஒருவர் தம் கருவியைக் கொண்டுவந்தார். கடலில் ஆபத்து நேர்ந்தால் அழைப்பதற்கென்று உலகெங்கும் ஒதுக்கப்பட்ட பதினாறாம் அலைவரிசையின் மீடிறன் 156.8 மெகாஹேட்ஸ், மானியோ ஒருமுறை ஓர் எண்ணையும் மறுமுறை வேறோர் எண்ணையும் காட்டிற்று. “கிறிஸ்ரல் போயிருக்கும் போல, தம்பி. வைச்சிட்டுப் போங்கோ” என்றார் நண்பர். மாலைக்குள் வேறு இரு படகுகளின் கருவிகளும் வந்தன. அவற்றுக்கும் அதே குறை. நண்பர் கையிலிருந்த திருகாணியை மேசையில் வைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார். ஒரே நாளில் மூன்று படகுக்கும் ஒரே வியாதி வருமா? மானியின் மூடியைக் கழற்றினார்.

எந்த அளவைக் கருவிக்கும் உயிர்நாடியாக இருப்பது அதன் மின்வழங்கிப் பகுதி. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்றை நிலைமாற்றி குறைக்கிறது. டயோட்கள் அதனை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. கொள்ளளவி, அதாவது கடைக்காரர் கண்டென்சர் என்று சொல்லும் அந்தச் சிறு தகர உருளை, மேடுபள்ளங்களை நிரவித் தேக்கி வைக்கிறது. அதன்பின் றெகுலேற்றர், வரும் அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், வெளியே ஸ்திரமாக ஐந்து வோல்ற்று மட்டும் செல்லும்படி காவல் புரிகிறது. கந்தளாய்க் குளத்தில் நீர் ஏறியிறங்கினாலும் துருசைத் திறந்தும் மூடியும் வாய்க்காலில் நீரை ஒரே அளவாக விடுவதற்கு இதனை ஒப்பிடலாம். குளத்து நீர் துருசின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் துருசைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இந்த நியாயத்தை மறந்துதான் நம்மவர் பலர் நல்ல றெகுலேற்றர்களைப் பிடுங்கி எறிகிறார்கள்.

நண்பரும் முதலில் அந்தத் தவற்றையே செய்தார். மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தபோது வெளிவாயிலில் 4.7 வோல்ற்று. மானிக்குள் இருந்த பழைய ரகத்து எண்முறைச் சில்லுகளுக்கு 4.75-க்கும் 5.25-க்கும் இடையில் அழுத்தம் வேண்டும். உள்வாயிலில் ஒன்பது வோல்ற்று இருந்தது. 7805 என்னும் இந்த மூன்றுகால் றெகுலேற்றருக்கு ஏழு வோல்ற்று போதும். ஆகவே குற்றவாளி அதுவே என்று தீர்மானித்து, பற்றாசை உருக்கி எடுத்துப் புதியதை வைத்தார். மீண்டும் 4.7.

அப்போதுதான் அவர் அலைவுகாட்டியை உள்வாயிலில் தொடுத்தார். மீற்றர் சராசரியாக ஒன்பது என்று சொன்ன இடத்தில், திரையிலே வாள்பற்கள் போன்ற ஒரு கோடு, பதின்மூன்றரை வரை ஏறி நாலரை வரை இறங்கிக்கொண்டிருந்தது. 50 சுழற்சி மின்சாரத்தின் இரு பாதிகளும் திருப்பப்படுவதால் செக்கனுக்கு 100 தடவை அந்தப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் றெகுலேற்றருக்கு வேண்டிய ஏழு வோல்ற்று இல்லை. ஒவ்வொரு முறையும் சில்லுகள் எண்ணிக்கையில் தடுமாறின. கொள்ளளவியின் உட்திரவம் வற்றிப்போயிருந்தது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் இவ்வகைக் கொள்ளளவியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியியலாளர் கணக்கு; கச்சான் வீசும் மாதங்களில் தகரக் கூரையின்கீழ் அது எவ்வளவு சீக்கிரம் வற்றும் என்பதை நாம் ஊகிக்கலாம். புதியதை வைத்ததும் கோடு நேரானது, வெளிவாயிலில் ஐந்து வோல்ற்று நின்றது. மூன்று படகுக் கருவிகளும் 156.8-இல் அசையாமல் நின்றன. அவற்றில் ஒன்றுக்கும் பழுதில்லை.

என் அபிப்பிராயத்தில், முற்றாகச் செத்துப்போன மானியால் அத்தனை தீங்கில்லை. அதை யாரும் நம்பமாட்டார்கள். ஒளிர்ந்துகொண்டே பொய் சொல்லும் மானியை நம்பி, நல்ல கருவியின் கிறிஸ்ரலை மாற்றிக் கடலுக்கு அனுப்பிவிட்டால் ஆபத்து வேளையில் அழைப்பவன் குரல் யார் காதிலும் விழாது. ஆகையால் பழுது தேடுகிறவர் முதலில் உள்வாயிலைப் பரீட்சிக்க வேண்டும், மீற்றரால் மட்டுமன்றி அலைவுகாட்டியாலும். உள்ளே சரியாயிருந்து வெளியே குறைந்தால், சுமையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அழுத்தம் மீண்டுவிட்டால், குறுஞ்சுற்று அப்பால் எங்கோ இருக்கிறது, அளவுக்கு மிஞ்சிச் சூடான றெகுலேற்றர் தன்னைக் காத்துக்கொள்ளவே அழுத்தத்தைக் குறைத்தது என்று அறியலாம். சுமையைக் கழற்றியும் மீளாவிட்டால் மட்டுமே றெகுலேற்றர்மீது குற்றம் சாட்டலாம். வெளியே ஐந்துக்கு மேல் ஏறியிருந்தாலோ உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் ஏழு வோல்ற்றைத் தாண்டினால் அந்தச் சில்லுகள் பிழைப்பது நிச்சயமில்லை. டெக்ட்ரோனிக்ஸ் 545 போன்ற வால்வுக் காலத்து அலைவுகாட்டிகளில், மறை 150 வோல்ற்று வழங்கியைப் பற்றியே மற்ற வழங்கிகள் யாவும் நின்றன; அங்கே அந்த ஒன்றையே முதலில் அளக்க வேண்டும்.

பாடசாலை ஆய்வுகூடங்களிலும் திருத்தும் கடைகளிலும் “எண் ஆடுது” என்று மூலையில் ஒதுக்கப்பட்ட மானிகள் பல உண்டு. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்குமுன், மின்னிணைப்பைக் கழற்றி, கொள்ளளவியில் தங்கிய மின்னை முறைப்படி இறக்கிவிட்டு, அந்த உருளையின் தலை வீங்கியிருக்கிறதா என்று தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.